தராசக்காவின் மகள்

எங்கள் பள்ளிச் சமையலறையில் அடுப்பு என் பொறுப்பு, கரண்டி அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்குக் காலையில் கஞ்சி, மதியம் சோறு, பருப்பு, முட்டை, எல்லாம் இலவசம். வேகவைத்து இறக்குவதோடு என் வேலை முடிந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, நீளும் தட்டுகளில் பரிமாறுகிறவள் அவள். முதல் பிள்ளைக்கு விழுந்த அளவுதான் கடைசிப் பிள்ளைக்கும். கொஞ்சிக் கேட்டாலும் கூடாது, முறைத்துக்கொண்டு நின்றாலும் குறையாது. அதனால் பிள்ளைகள் அவளைத் தராசக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தராசு ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் இறங்க மறுத்தது. அது அவள் பெற்ற மகளின் தட்டு.

காரணம் இல்லாமல் இல்லை. தராசக்கா வருவதற்கு முன்னால் பரிமாறிக்கொண்டிருந்தவள் தன் மகனுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். யாரோ ஒரு தகப்பன் அதைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினான். மறுநாளே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் இவள் வந்தாள். வேலைக்கென்று வெளியூர் போன புருஷன் போனவன் போனவன்தான்; இந்தக் கரண்டி கைவிட்டுப் போனால் தாயும் மகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். சேர்ந்த அன்றே யாரோ புண்ணியவதி முட்டைக் கதையை அவள் காதில் ஓதிவிட்டாள். அதைக் கேட்டது முதல் மகள் தட்டில் கரண்டியை இறக்கவே அவள் பயந்தாள்.

மகள் நான்காம் வகுப்பு. அவள் வரிசையில் வந்ததும் கரண்டி பாதிதான் நிறையும். கஞ்சியென்றால் மேலாக இருக்கிற தண்ணீர், முட்டையென்றால் உடைந்தது. மீதி இருந்தால் கை தூக்குகிற பிள்ளைகளுக்கு மறுபடி போடுவோம். அந்தப் பெண் கையே தூக்காது. தூக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, நீ பெத்தவளா, இல்ல யாராவது வழியில குடுத்துட்டுப் போனாங்களா?" என்றேன் ஒருநாள்.

"நாலு பேர் பார்க்கிற இடம்க்கா. ராத்திரி வீட்டுல சேர்த்துப் போட்டுக்கறேன்."

அவள் வீட்டு ராத்திரிச் சட்டி எனக்குத் தெரியாததா? சேர்த்துப் போட அதில் என்ன இருந்தது? பொறுக்க முடியாமல் ஒருமுறை நானே ஒரு முழு முட்டையை அந்தப் பிள்ளை தட்டில் வைத்தேன். எல்லார் கண்ணெதிரிலும் அதை எடுத்து மறுபடி பாத்திரத்தில் போட்டாள் மகராசி. அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. பிள்ளை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு எடை பார்க்கிற நர்ஸ் வந்தாள். போன தடவையைவிட எல்லாப் பிள்ளைகளும் ஏறியிருந்தார்கள். இவள் மகள் மட்டும் இறங்கியிருந்தாள். பெரிய டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிள்ளையும் நர்ஸும் அங்கேதான் இருந்தார்கள்.

"சமையலறையில வேலை பார்க்கிறவங்க பிள்ளையே இப்படி இருந்தா, வெளியில என்ன பேசுவாங்க? சோறெல்லாம் எங்க போகுதுன்னு கேக்க மாட்டாங்க?" என்றார்.

எந்தப் பேச்சு வரக் கூடாதென்று பெற்ற பிள்ளையின் வயிற்றைக் கட்டினாளோ, அதே பேச்சு வாசல்வரை வந்து நின்றது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நர்ஸ் குனிந்து கேட்டாள். "வயிறு நிறையச் சாப்பிடுறியாம்மா?"

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. "நிறைய சாப்பிடுறேன். போதும் போதும்னாலும் போடுவாங்க."

வாய் கூசாமல் அப்படி ஒரு பொய். இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அவ பொய் சொல்றா டீச்சர். நான்தான் குறைச்சுப் போட்டேன். என் பிள்ளைக்குப் பார்த்துப் போடுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு."

பெரிய டீச்சர் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு, "நாளையிலேர்ந்து எல்லாருக்கும் போடுற அளவு இவளுக்கும் போடணும். யாராவது ஏதாவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். வெளியே வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் மகள் தட்டை நீட்டினாள். இவள் கரண்டியை நிறைய அள்ளிப் போட்டாள். நல்ல முட்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்தாள். அந்தப் பெண் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் நின்றவன் தள்ளிய பிறகுதான் நகர்ந்தது.

வரிசை முடிந்து, நான் பாத்திரங்களை ஊற வைத்துக்கொண்டிருந்தேன். பின்கதவு மெல்லத் திறந்தது. அந்தப் பெண்தான். தட்டில் பாதிச் சோறும் முட்டையும் தொடப்படாமல் அப்படியே இருந்தன. அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"தெரியாம நிறைய விழுந்துடுச்சும்மா. பாதி திருப்பிக் கொண்டுவந்துட்டேன், எடுத்துக்கோ. யாரும் பார்க்கல."