அலாரம் அக்காவின் ஒரு மணி நேரம்

அந்த ரொட்டித் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை அலாரம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த மேனேஜரும் அப்படித்தான். ரொட்டி வேன்களை நேரத்துக்கு ஏற்றி அனுப்புவது அவள் வேலை. அதோடு, யாரும் கேட்காமலேயே, இன்னொரு பெரிய வேலையையும் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். இளசுகளுக்கு நேரம் தவறாமையைக் கற்றுக்கொடுப்பது.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி பொய் சொல்வது. ஆறு மணிக்குக் கிளம்பும் வேனுக்குப் புது டிரைவரை ஐந்தரைக்கே வரச் சொல்வாள். அவன் அரக்கப்பரக்க ஓடிவந்து பார்த்தால் ரொட்டி அடுப்பைவிட்டே இறங்கியிருக்காது. சீக்கிரம் வந்தால் எவ்வளவு நிம்மதி பார் என்பாள். அவன் ஒரு வாரம் அந்த நிம்மதியை அனுபவித்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து ஆறுக்கு வருவான். உடனே அக்கா ஐந்து என்று சொல்ல ஆரம்பிப்பாள். கடைசியில் சுவரில் ஒரு நேரம், அக்கா வாயில் ஒரு நேரம் என்றாகிவிட்டது. பழைய டிரைவர்கள் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது வண்டியைப் பற்றி அல்ல, அக்கா சொல்வதோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைத்தான்.

வீட்டில் பயிற்சி இன்னும் பலம். ஒரே மகள். பள்ளிக்கூட பஸ் எட்டு மணிக்கு என்றால் அம்மா ஏழு என்பாள். பல் டாக்டர் பத்துக்கு வரச் சொன்னால் ஒன்பது. மகள் சந்தேகமாகப் பார்த்தால் கூசாமல் சத்தியமும் பண்ணுவாள். பிள்ளை உருப்பட வேண்டும் என்று பண்ணுகிற சத்தியம் கணக்கில் சேராது என்பது அவள் கட்சி. மகளும் ஒன்றும் மண்டு இல்லை. அம்மா எதைச் சொன்னாலும் மனதுக்குள் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அனுபவசாலியான அப்பா மட்டும் எதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்: "இது ஊர் நேரமா, உன் நேரமா?"

வளர்ந்த பிறகும் அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் எல்லா நேரத்திலும் ஒரு மணி நேரம் இலவசமாக ஒளிந்திருப்பதாகவே நினைப்பு. கூரியர் ஆபீஸில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. வேலை போயிற்று. அடுத்து மருந்துக் கடை. அதுவும் போயிற்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமை தெரிவதில்லை என்று அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் புலம்பித் தீர்த்தாள்.

அந்த நிலையில்தான் தொழிற்சாலையின் கேக் பிரிவில் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பேச்சு வந்தது. மகள் யாரும் எழுப்பாமல் எழுந்திருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்; கேக் செய்வதற்கு. அவள் கையில் அந்த வேலை அப்படிப் படிந்திருந்தது. அம்மா மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளையும் சேர்த்துக்கொள்ள வைத்தாள். நாளைக்கு முதலாளி வெளியூரிலிருந்து வருகிறார், ஆள் எடுப்பதைக் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் கிளம்பிவிடுவார், வருஷத்துக்கு ஒரு தடவைதான் இது என்றார் மேனேஜர். வருகிற பிள்ளைகளுக்கு நேரம் தவறாமை பற்றி அக்காவே ஐந்து நிமிஷம் பேசிவிடட்டும் என்றும் சொன்னார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் மகள் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்த வேலை எனக்கு வேணும். எத்தனை மணிக்குன்னு நிஜத்தைச் சொல்லு."

மகள் தானாக வந்து நேரம் கேட்டது அதுவே முதல் தடவை. அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. எட்டு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். இத்தனை ஆசையாகக் கேட்கும் பிள்ளையிடம் எப்படிப் பொய் சொல்வது?

"ஒன்பது மணிம்மா. சத்தியமா ஒன்பது."

மகள் தலையாட்டினாள். அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் விடிவதற்குள் அப்பாவும் அம்மாவும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்கு முதலாளி வந்து உட்கார்ந்தார். எதிரே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒரு நாற்காலி மட்டும் காலி. அக்கா எழுந்து நின்று, சொன்ன நேரத்துக்கு வருவதுதான் மனுஷனுக்கு மரியாதை என்று அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பேசி முடித்ததும் வெளியே ஓடி மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. கிளம்பிவிட்டாயா என்று அம்மா ஒரு மணி நேரம் முன்னாலிருந்தே போன் போட்டு உயிரை எடுப்பது வழக்கம் என்பதால், மகள் அந்த மாதிரி அழைப்புகளை எடுப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளியின் கார் கிளம்பியது. கேட்டுக்கு வெளியே ஒரு பெண் அதற்கு ஒதுங்கி வழிவிட்டாள். துவைத்துத் தேய்த்த உடை, படிய வாரிய தலை, கையில் தானே செய்த கேக் பெட்டி. மூச்சு வாங்கவில்லை, ஓடிவர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நேரே அம்மாவிடம் வந்து சிரித்தாள்.

"பாத்தியாம்மா, பத்துக்கு முன்னாடியே வந்துட்டேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் தவம் கிடந்தாள் அம்மா! இப்போது கேட்கத்தான் சகிக்கவில்லை.

"ஒன்பதுன்னுதானேடி சொன்னேன். சத்தியம் பண்ணினேனே."

மகளின் சிரிப்பு நின்றது. காலியாகிக் கிடந்த அறையைப் பார்த்தாள்.

"நீ சத்தியம் பண்ணினதாலதாம்மா, பத்துதான்னு எனக்கு உறுதியாத் தெரிஞ்சுது."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. கேக் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அம்மாவுக்குத் தேவலை. திருப்பித் திட்டவாவது வாய் இருந்திருக்கும்.

வேன் சாவிகளோடு வந்த மேனேஜர் இருவரையும் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். பெட்டியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். அடுத்த வருஷம் அவசியம் வா என்றார் மகளிடம். அக்கா ஆவலோடு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முந்திக்கொண்டு கேட்டாள்.

"அதை உங்ககிட்ட சொல்றதா இல்லைக்கா" என்ற மேனேஜர், மகளிடம் அவளுடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.