அண்ணி பிடித்த மெஷின்

அந்தக் கார் பாலிஷ் கடையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கடை நடத்துவது அவள் கணவனின் தம்பி. அவன் கூப்பிடுவது மற்றவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிய பிறகு, வண்டிகளின் உள்பக்கம் துடைக்கத்தான் அங்கே வந்தாள்.

ஒரு நாள் காலை, பாலிஷ் போடுகிறவன் கொழுந்தனோடு சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஷெட்டில் ஒரு கறுப்பு வண்டி நின்றது. சாயங்காலம் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"மெஷினை எங்கிட்ட குடு."

"கறுப்பு வண்டி அண்ணி! சின்னக் கோடு விழுந்தாலும் பல்லிளிச்சிடும்."

"உங்க அண்ணன் வண்டியில பழகிட்டுத்தான் கேக்கறேன்."

"அதான் அது ஒரு பக்கம் மட்டும் பளபளக்குதா?"

"மறுபக்கம் தேய்க்கறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டு ஓடிட்டாரு."

சிரித்துக்கொண்டே கொடுத்தான். ஆனால் அவள் சுவிட்சைப் போடவில்லை. மெஷினில் மாட்டும் பஞ்சு பேட்களைப் புரட்டிப் பார்த்தாள். பழைய பாலிஷ் காய்ந்து சுண்ணாம்பாய் இறுகியிருந்தது.

"இதை வச்சுத் தேச்சா வண்டியைச் சொரண்டற மாதிரிதான்."

"நேரம் ஆகுது அண்ணி!"

"ஆகட்டும்."

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து ஊறவைத்தாள். பிழியவில்லை, பிழிந்தால் பஞ்சு கிழியும். உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அழுக்கை வெளியேற்றினாள். தண்ணீர் தெளிந்ததும் ஒவ்வொன்றையும் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்து, நறநறப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். மெஷினில் ஒட்டும் முதுகுப் பக்கம் பிய்ந்த ஒன்றைக் குப்பையில் போட்டாள். "நல்லாத்தானே இருக்கு" என்று கொழுந்தன் எடுத்தான். பிடுங்கித் திரும்பவும் போட்டாள்.

மற்றவற்றை மெஷினில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு ஈரத்தை உதறி, பஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி ஃபேன் காற்றில் கம்பிவலை மேல் வைத்தாள். அவை காய்வதற்குள் வண்டியைக் கழுவித் துடைத்து முடித்தாள்.

பிறகுதான் மெஷின் பாடியது. ஒவ்வொரு கதவு முடிந்ததும் நிறுத்தி, பேட்டை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்தாள். நடுவில் வண்டிக்காரர் வந்து நின்றார்.

"இன்னும் முடியலையா?"

"ஒரு கதவு பாக்கி. உக்காருங்க சார்," என்றாள் திரும்பாமலே.

அவர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் நாற்காலியைக் காட்டினான்.

முடிந்ததும் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, பானட்டில் முகம் பார்த்துத் தலை வாரினார். கொழுந்தனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அண்ணி மெஷின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள்.

"நாளையிலேர்ந்து உள்பக்கம் துடைக்க வேற ஆள் பாத்துக்கோ."