முடிச்சை எப்படிங்க அவுக்கறது?

போன ஆடி மாதம், ஒரு காலை வேளை. சின்னாளபட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் சுங்குடிச் சேலைகளைப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் குழு வைத்து விற்பதுதான் என் தொழில். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் சேலை என்று தெரிய வேண்டும் என்பதற்காக, முடிச்சை அவிழ்க்காமலே அனுப்புவேன். கூடவே வாட்ஸ்அப்பில் என் குரல் பதிவும் போகும்: "ரெண்டு பக்கமும் புடிச்சு இழுங்க, படபடன்னு அவுந்துரும். கத்தரிக்கோலக் கிட்ட கொண்டு போனீக, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

அப்போது, தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணிலிருந்து செய்தி வந்தது. தவறுதலாக என் போனுக்கு ஓர் ஆறு இலக்க ரகசியக் கோடு அனுப்பிவிட்டாராம், அதைச் சொல்ல வேண்டுமாம். வேலை மும்முரத்தில் சொல்லித் தொலைத்தேன். அவருடைய வாட்ஸ்அப்பையே யாரோ திருடி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் என் வாட்ஸ்அப் என் கையை விட்டுப் போய்விட்டது.

திண்டுக்கல் பூட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி, அதையும் இழுத்து இழுத்துப் பார்க்கிறவள் நான். போன் விஷயத்தில் மட்டும், "நம்மகிட்ட என்ன கொட்டியா கெடக்கு, திருட?" என்று இருந்துவிட்டேன். முகம் பார்க்காமலே என்னை நம்பிப் பணம் அனுப்புகிற அத்தனை பெண்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். யாருடைய எண்ணையும் நான் தனியாகப் பதிந்து வைக்கவில்லை. யாரை எப்படி எச்சரிப்பது?

போன் அடித்தது. நெய்க்காரப்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கும் ஓர் அக்கா, என்னிடம் ஒரே ஒரு சேலை வாங்கியவர்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா பேசறது?"

"நான்தேன்க்கா" என்றதுமே அழுதுவிட்டேன்.

"அழுவாதீங்க. ஆஸ்பத்திரிச் செலவுன்னு உங்க பேர்ல பணம் கேட்டு வந்துச்சுங்க. அனுப்பத்தான் போனேன். ஒரு சந்தேகம். சேலை முடிச்சை எப்படிங்க அவுக்கறதுன்னு கேட்டுப் பாத்தேன். கத்தரிக்கோல்ல வெட்டுங்கன்னு வந்துச்சு. அட, இது அந்தம்மா இல்லீன்னு தெரிஞ்சுபோச்சுங்க!"

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதோடு விட்டாரா? குழுவில் இருந்த எண்களைப் பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எச்சரித்துவிட்டுத்தான் எனக்குப் பேசியிருக்கிறார். யாருமே ஏமாறவில்லை.

"பூவெல்லாம் பறிச்சாச்சாக்கா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"பறிச்சாச்சுங்க. பேசிட்டு இருந்ததுல பூ வண்டிதான் போயிருச்சு. போவுட்டும் விடுங்க."

அம்மாடி! மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போகாத மல்லிகையை யார் வாங்குவார்? என்ன மனுஷி!

அன்றே என் கணவர் வாட்ஸ்அப்பை மறுபடி என் எண்ணில் ஏற்றி மீட்டார். இரண்டாவதாக ஒரு ரகசிய எண்ணும் போட்டோம். பிறந்த தேதியைப் போடப் போனவளை, "ஊருக்கே தெரியுமே அது!" என்று தடுத்தார். கோடு இனி யாருக்கும் கிடையாது. என் பேரில் பணம் கேட்டு வந்தால், போன் போட்டு என் குரலைக் கேட்ட பிறகே நம்ப வேண்டும் என்று குழுவிலும் சொல்லிவிட்டேன்.

அந்த ரகசிய எண்ணை வாட்ஸ்அப் அவ்வப்போது கேட்கும். சலிக்காமல் அழுத்துகிறேன், இன்றுவரை நான் நேரில் பார்க்காத ஒருவர் தன் பூ வாடினாலும் பரவாயில்லை என்று காப்பாற்றிக் கொடுத்த பேர் அல்லவா இது!