வாசலிலேயே நின்றவர்

பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன கிளினிக். உள்ளே என் பக்கத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தும், ஐம்பது வயதிருக்கும் ஒருவர் முகக்கவசத்தோடு வாசலிலேயே சாரலில் நனைந்துகொண்டு நின்றார். இருமல் வந்தபோதெல்லாம் முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணா," என்றேன்.

"வேணாம்மா, ஃப்ளூ மாதிரி இருக்குது. உள்ள கொழந்தைங்க இருக்காங்க. போன வருஷம் சாதா ஜொரம்தானேன்னு எல்லார்கூடவும் வீட்லயே படுத்திருந்தேன். எனக்கு சரியாப்போச்சு. மாசமா இருந்த என் பொண்ணுக்குத் தொத்திக்கிச்சு. நிமோனியாவாகி, வயித்துப் பிள்ளையோட போய்ட்டா."

"உங்ககிட்டருந்துதான் வந்துச்சுன்னு எப்படிண்ணா சொல்ல முடியும்?"

"அவ வீட்டை விட்டு வெளியவே போகலம்மா."

நர்ஸ் அவரைக் கூப்பிட்டதும், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் வெளியே போகும்வரை காத்திருந்து, சுவர்ப்பக்கம் திரும்பியபடியே உள்ளே போனார். அவர் முகத்தை நான் கடைசிவரை முழுதாகப் பார்க்கவில்லை.