எழுத மறுத்த ஓ.பி. சீட்டு

எழுபதுகளின் கடைசியில் கோடை மலையில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதும் வேலையில் இருந்தேன். எந்த ஊர் என்று சொல்ல விருப்பமில்லை. கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அவ்வளவு போதும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்தாவது வரை அங்கே படித்து, அப்பாவோடும் அம்மாவோடும் கப்பலேறி வந்தவள். வந்த இரண்டாம் வருடமே அம்மா போய்விட்டார். என் வேலை தற்காலிகம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துத் தருவார்கள். அதற்குக் கையெழுத்து வாங்கித் தர வேண்டியவர் ஹெட்கிளார்க். அதனால் அவர் வாயிலிருந்து வருவதுதான் எனக்குச் சட்டம்.

ஒரு ஐப்பசி மாதக் காலை. மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பூண்டுக் காட்டுக்குப் போகிற பெண்களின் வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. ஆண்கள் போடும் சாம்பல் நிற ஸ்வெட்டர், ஒரு காலில் ஷூ, மற்றக் காலில் செருப்பு. முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் போகவில்லை. தன் முறை வரும்வரை நின்றுவிட்டுத்தான் என் ஜன்னலுக்கு வந்தார்.

"காலில் ஒரு புண் உண்டாயிருக்கிறது. வைத்தியரைக் காண வேண்டும்" என்றார். பாதிரிமார் பேசுவார்களே, அந்தத் தமிழ். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சீட்டில் பெயர், வயது, ஊர், தொழில் என்று கேட்டு எழுத வேண்டும். தொழில் கேட்டேன்.

"இப்போது இல்லை. முன்பு பள்ளிக்கூட விடுதியில் மேட்ரனாக இருந்தேன்."

கொடைக்கானலில் இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும் வாடகை குறைவு என்று எங்கள் ஊர்ப் பக்கம் வந்து குடியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் கேட்டது, "எந்த நாடு? பேப்பர் இருக்கா?"

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படிக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை எத்தனை ஜன்னல்களில் என்னிடமும் அப்பாவிடமும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! இப்போது ஜன்னலுக்கு உள்ளே இருப்பது நான்.

இங்கே தங்குவதற்கான பெர்மிட் புதுப்பிக்கப் போலீஸுக்குப் போயிருக்கிறது, ரசீது வீட்டில் இருக்கிறது என்றார். நான் எழுந்துபோய் ஹெட்கிளார்க்கிடம் கேட்டேன். அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வெளிநாட்டுக்காரங்க சோலியே நமக்கு வேணாம்மா. வேலையில இருந்தா அவங்க மிஷன் பாத்துக்கும். வேலை இல்லேன்னா அவங்க ஊருக்குப் போயி வைத்தியம் பாக்கட்டும். இங்க சீட்டுப் போடக் கூடாதுன்னு சொல்லி அனுப்பு."

எனக்கு அது கொஞ்சமும் ஆச்சரியமாகப் படவில்லை. நாங்கள் இருந்த தோட்டத்திலும் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் டிஸ்பென்சரியில் மருந்து. இருமல் முற்றி அம்மா வேலைக்குப் போக முடியாமல் போனபோது பேரை வெட்டினார்கள். அடுத்த வாரம் மருந்துக்குப் போன அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை போனால் மருந்தும் போகும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம்.

ஜன்னலுக்குத் திரும்பி வந்து, "ஃபாரின்காரங்களுக்கு இங்க சீட்டுக் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குங்க" என்றேன்.

அவர் வாதாடவில்லை. "அப்படியா. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பின்னால் நின்ற, பூம்பாறையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னை முறைத்தாள். "ஏத்தா, அந்தம்மா காலு வீங்கிக் கெடக்கு. பாத்தா தெரியலையா?" என்றாள்.

"ரூல்னா ரூல்தாங்க. அடுத்த ஆள் வாங்க" என்றேன்.

அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டே இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, நாய் கடித்து ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான். நீளமான தலைமுடி, வெறுங்கால். அந்தக் காலத்தில் மலையில் அப்படி நிறையப் பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவனிடமும் ரூல் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வார்டுக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டர் காதில் அது விழுந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த இளவயது டாக்டர்.

"என்னம்மா ரூல்? எனக்குத் தெரியாம எப்ப வந்துச்சு? யாரு வந்தாலும் சீட்டுப் போடணும். முதல்ல எழுதும்மா, ஊசி போடணும்."

ஹெட்கிளார்க்கைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். "போலீஸு, பாஸ்போர்ட்டுன்னு வம்பு வேணாமேன்னு ஒரு வார்த்தை சொன்னேன் சார். இந்தப் பொண்ணு அதைச் சட்டமாவே ஆக்கிருச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பையனுக்குச் சீட்டு எழுதினேன். எழுத்துக் கோணல்மாணலாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ரனம்மாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு பங்களாவின் பின்கட்டில், பேரிக்காய் மரங்களுக்கு நடுவில் ஒற்றை அறை. கதவைத் தட்டினேன். ஒரு கம்பை ஊன்றி வந்து திறந்தவர் முகத்தில் என்னைப் பார்த்ததும் ரத்தமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே திரும்பி, தகரப் பெட்டியைத் திறந்து, போலீஸ் ரசீதையும் பழைய பெர்மிட் புத்தகத்தையும் எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் ஒழுங்காய் இருக்கிறது. பாருங்கள்" என்றார்.

சோதனை போட ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். அந்த ரசீதை நீட்டிய கையை இன்றைக்கும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"பேப்பர் பாக்க வரலிங்கம்மா. நாளைக்கு வெள்ளனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் சீட்டு எழுதித் தாரேன்" என்றேன். அன்றைக்குச் சொன்ன ரூல் இல்லவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

உட்காரச் சொல்லி, பால் இல்லாத டீ கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சர்க்கரை வியாதி பல வருடமாக இருக்கிறது. வேலையில் இருந்தவரை பள்ளிக்கூட டாக்டரே பார்த்து மாத்திரை கொடுத்தார். ஓய்வு பெற்றபின் அந்தச் சலுகை இல்லை. கடையில் வாங்கிய மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டார். சொந்த நாட்டுக்கு எழுதிக் கேட்டாராம். அங்கே எல்லோருக்கும் இலவச வைத்தியம் உண்டு. ஆனால் இத்தனை வருடம் அங்கே குடியிருக்கவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை, உடனே உரிமை கிடையாது என்று பதில் வந்ததாம். திரும்பிப் போனாலும் தங்குவதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

"ஆகவே எந்த நாட்டிலும் நான் நோயாளி அல்ல" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் வந்தார். டாக்டர் கட்டைப் பிரித்தார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. நாற்றத்தில் ஆயா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "இங்க வச்சுப் பாக்க முடியாது. வெரசா மதுரைக்குக் கொண்டுபோகணும்" என்றார் டாக்டர். கூட ஒரு ஆள் போக வேண்டும். நான் போகிறேன் என்றேன். காய்கறி ஏற்றிப்போகும் வேனில் முன்னால் இடம் கிடைத்தது. மலை இறங்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மதுரையில் பெண்கள் வார்டில் எல்லோரையும் போலச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் நாடு கேட்கவில்லை. ஆபரேஷனில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கூட இருந்தேன். பக்கத்துக் கட்டில் அலங்காநல்லூர்க்காரி அவருக்கு இட்லி பிட்டுக் கொடுத்தாள்.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் கேட்டேன். "சார், நான் அன்னைக்கே சீட்டுப் போட்டிருந்தா கால் தப்பிச்சிருக்குமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சொல்ல முடியாதும்மா. விரலோட போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். மாதா மாதம் கட்டைக்காலோடு பஸ் ஏறி வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வார். "இந்தப் பெண் எனக்காகச் சட்டத்தை மீறினாள். வேலை போகும் என்று தெரிந்தும் மீறினாள்."

அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும் என ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். வாய் வரை வரும். பின்னால் வரிசை நிற்கும்; அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்துவிடுவேன். ஒருமுறை வீட்டுக்கே போனேன், சொல்லிவிடுவது என்ற முடிவோடு. அவர் விடுதிப் பிள்ளைகள் எழுதிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை எடுத்துக் காட்டி, அவர்களுக்கெல்லாம் என்னைப் பற்றி எழுதியிருப்பதாகச் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பனிக்காலத்தில் காய்ச்சல் கண்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அட்மிஷன் சீட்டை நான்தான் எழுதினேன். கடைசி நாளிலும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு அதையே சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.