பொஸ்ரனுக்குப் போக வேண்டிய தாய்மாமன்

குட்மேய்ஸில் இருக்கும் பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே, அண்ணை பொஸ்ரன் நகர வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார். கடை அவருடையதுதான். ஆனால் முதலாளி என்று கூப்பிட்டால் பிடிக்காது. கடையில் வேலை செய்யும் எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை. துறைமுகம், செங்கல் பாதை, பழைய கப்பல் நிற்கும் இடம் என்று ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வளைத்திருந்தார். மத்தியான வியாபாரம் ஓய்ந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார். உட்காரமாட்டார், இரண்டு நிமிடத்தில் வெளியே வருவார், திரும்பவும் உள்ளே போவார்.

“அந்தக் காலத்தில வரிக்கு எதிராத் தேயிலையைக் கடலில கொட்டின சனத்திட்டப் போறியள். ஒரு நாளைக்கு எட்டுத் தேத்தண்ணி குடிக்கிற உங்களை உள்ளுக்கு விடுவாங்களோ, அண்ணை?” என்று சீண்டுவேன்.

“நீ வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தை அடுக்கு,” என்பார். அவருக்குச் சிரிப்பை ஒளிக்கத் தெரியாது.

உண்மையில் கப்பலும் கட்டடமும் அவருக்குச் சாட்டுத்தான். அங்கே அவருடைய ஒரே தங்கச்சி இருந்தார். அண்ணை நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது பள்ளிக்கூடச் சட்டையோடு படலையில் நின்றவரை அதன்பின் நேரில் கண்டதில்லை. இப்போது அந்தத் தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியவீடு. பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டியவர் தாய்மாமன். அந்தப் பிள்ளைக்கு வேறு மாமன் கிடையாது.

பயண அனுமதிப் படிவம் நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. நான் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் ஆங்கிலத்தை வேகமாகப் பேசுவதால் கடைக்கு நான்தான் அப்புக்காத்து, சட்டம் தெரிந்த வக்கீல். போனைக் கையில் பிடித்து, கேள்விகளை நீதவான் குரலில் வாசித்தேன்.

“நீர் எப்பவாவது கைது செய்யப்பட்டனீரோ?”

பருப்புப் பைகளை அடுக்கிய அவர் கை நின்றது. “ஓம். கொழும்பு லொட்ஜில ரவுண்டப். அங்க தங்கியிருந்த தமிழ்ச் சனம் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய் ஒரு ராத்திரி உள்ளுக்கு வைச்சவங்கள்.”

“அப்ப நீங்கள் பெரிய கள்ளன்தான்!”

“உள்ளதைப் போடடா. பொய் சொல்லி ஒரு நாட்டுக்கும் போகமாட்டன்.”

‘ஓம்’ என்பதை அழுத்தினேன். அடுத்த நாள் அனுமதி மறுக்கப்பட்டது.

பிறகுதான் கேள்வியை முழுதாக வாசித்தேன். பிறருக்கோ பிறர் சொத்துக்கோ பெருந்தீங்கு விளைத்த குற்றத்துக்காகக் கைதானீர்களா என்று அது அடுத்த வரிக்கும் நீண்டிருந்தது. பகிடி விடும் அவசரத்தில் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறேன். லொட்ஜில் படுத்திருந்ததற்காகப் பிடிபட்ட மனிதர் ‘இல்லை’ என்றே சொல்லியிருக்கலாம். அதை அண்ணையிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றிரவு நித்திரை வந்திருக்கும்.

இனி விசாவுக்கு நேர்முகம் வேண்டும். கிடைத்த நாளோ, சடங்குக்கு வெகு பின்னால். அங்கே மண்டபமும் நல்ல நேரமும் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் வேறு நேர்முக நாள் ஏதும் விழுமா என்று ஒவ்வொரு இடைவேளையிலும் தேடினேன். விழவில்லை. இன்றைக்கும் ஒரு படிவத்தைக் கண்டால் எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது.

சடங்கன்று கடையைச் சாத்தினோம். அண்ணை பின்னறையில் பட்டு வேட்டியோடு, கையில் செம்புடன் நின்றார். நான் போனைப் பிடித்தேன். அங்கே தங்கச்சியும் செம்போடு நின்றார்.

“அண்ணை, நீங்கள் அங்க தண்ணியை ஊத்துங்கோ. உங்கட கையெண்டு நினைச்சு நான் இஞ்ச பிள்ளைக்கு ஊத்துறன்.”

அண்ணை கடை வாளிக்குள் தண்ணீரை வார்த்தார். அதே நேரம் பொஸ்ரனில் தலையில் தண்ணீர் விழ, பிள்ளை கண்களை இறுக்கிக்கொண்டாள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்க, போன் சரிந்துவிட்டது.

“நேராப் பிடியடா,” என்றார் அண்ணை, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “பிள்ளையின்ர முகம் தெரியேல்ல.”