சரணம் வராத பாட்டு

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு அலுப்பாக இருக்கும். யுத்த காலம். தென்காசித் தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தா. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வந்து நிற்கிற கூட்டத்துக்கு வாரம் முழுக்கப் பதில் சொல்லி நாக்கு வறண்டிருக்கும். ஒரு நாளாவது கால் நீட்டிப் படுக்கலாம் என்றால் முடியாது, குற்றாலத்துக்கு ஜட்கா பிடிக்க வேண்டும். மடியில் பிடில் பெட்டி வேறு.

குற்றாலத்தில் ஒரு பெரிய சாகித்யகர்த்தா இருந்தார். அவர் பாட்டுகள் தஞ்சாவூர் வரை போயிருந்தன. ஐப்பசி விசுத் திருவிழாவில் அவர் வீட்டு உபயமான மண்டகப்படி அன்று, சுவாமி முன்னால் ஒரு புதுப்பாட்டு பாடுவார். கடைசியாக சகானா ராகத்தில் ஒரு பல்லவியும் அனுபல்லவியும் போட்டார். கடைசிப் பகுதியான சரணத்தைப் போடுவதற்குள் மார்வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சரணத்தில்தான் அவருடைய முத்திரையாக அம்மன் பெயர் வரும். அது இல்லாத பாட்டைக் கோயிலில் ஏற்கமாட்டார்கள். யார் பாட்டு என்றே நாளைக்கு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அவர் மனைவியைச் சின்னவர் பெரியவர் எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைகள் கிடையாது. அந்த வருஷ மண்டகப்படி பாட்டில்லாமலே போயிற்று. துக்கம் கழிந்ததும் ஆச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவுக பாடுதப்பல்லாம் பக்கத்துல பிடில் வாசிச்சது நீங்கதான். அவுக போக்கு ஒங்களுக்குத் தெரியும். வர்ற ஐப்பசிக்குள்ள சரணத்த மட்டும் போட்டுத் தந்துருங்க தம்பி."

நான் என்ன வித்வானா? பொழுது போகாமல் கற்றுக்கொண்ட கை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டித் தொலைத்தேன்.

முதலில் ஒரு சரணம் போட்டுப் பங்குனியில் கொண்டுபோனேன். ஆச்சி கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக இவ்வளவு வெரசா எறங்க மாட்டாக."

இறக்கத்தை மாற்றிக்கொண்டு போனேன். "சொல்லு அவுக சொல்லு மாதிரி இல்லியே." சொல்லை மாற்றினேன். "முத்திரய முன்னாலயே கொண்டாந்துட்டீய. அவுக கடசியிலதான் வப்பாக." அதையும் தள்ளி வைத்தேன். இப்படியே சாரல் காலம் வந்து, ஊர்பட்ட ஜனம் ஐந்தருவியில் குளித்துக் கும்மாளம் போட்டுக் கலைந்தும் போயிற்று. நான் ஒரு நாள்கூட அருவிப் பக்கம் தலை காட்டவில்லை.

"செத்தவுகளுக்குப் பாட்டுக் கட்டுதீய. இருக்கிறவுகளுக்கு ஒரு வாளித் தண்ணி எறச்சித் தரக் காணல" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதிலும் தப்பில்லை.

மண்டகப்படிக்கு முந்தின நாள் நான் ஆச்சி வீட்டில் இருக்கும்போதே கோயிலிலிருந்து ஆள் வந்து, புதுப்பாட்டு உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியாகத் திருத்தியதைப் பாடிக் காட்டினேன். ஆச்சி உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்கு மேல எனக்கு வராது ஆச்சி. நான் அவுக இல்ல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினேன். ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கொண்டாந்தது எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சி தம்பி. எனக்குத்தான் மனசு வரல. பாட்டு பாதியில கெடந்தா, மீதியப் போட அவுக வரணும்லா? நீங்க முடிச்சிட்டா அவுகளுக்கு இங்கன என்ன வேல இருக்கு?"

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வீணாய்ப் போயின! திட்டத்தான் வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

"அப்போ பாட வேண்டாம் ஆச்சி, விட்டுருவோம்" என்றேன்.

"இல்ல, பாடிருங்க. அவுக பேரு நிக்கணும்."

மறுநாள் சன்னதியில் நானே பாடினேன். ஆச்சி முன்னால் உட்கார்ந்து பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் தொடையில் தாளம் போட்டார். சரணத்தை எடுத்ததும் அந்தக் கை நின்றது. எழுந்து வெளிப்பிராகாரத்துக்குப் போய்விட்டார். நான் முத்திரை வரை பாடி முடித்தேன்.